முஹர்ரக்கில் ஒரு வழியனுப்பு

கேக்கின் மேல் தென்னைமரம் வரைந்திருந்தார்கள்.
ஏ.சி. ஓடியும்
பச்சைக் க்ரீம் மெல்ல இளகிக்கொண்டிருந்தது.
டெரிக் சாருக்கு அறுபத்திரண்டு.
இருபத்தொரு வருடம் இதே கம்பெனி.
அடுத்த வாரம் தாய்லாந்தில் ஏதோ தீவுக்குப் போகிறார்,
இருக்க.
அவர் சொன்ன இங்கிலீஷை எப்படிப் புரட்டினாலும்
‘இருக்க’ என்றுதான் வருகிறது.
‘பிழைக்க’ என்று வரவே இல்லை.

நான் டைம் கீப்பர்.
முந்நூற்று நாற்பது பேரின் வரவும் தாமதமும்
என் கையெழுத்தில் இருக்கிறது.
கேன்டீன் சுந்தரி, எண் 2117.
சேர்ந்த அன்று பெயரைப் படித்துவிட்டுத்
தமிழிலேயே கேட்டுவிட்டேன், எந்த ஊர் என்று.
விழித்தாள், பிறகு சிரித்தாள்.
அவள் மொழியிலும் அதற்கு அழகி என்றுதான் பொருளாம்.
அன்றிலிருந்து என் தட்டில் மட்டும்
மீன் துண்டு கொஞ்சம் பெரிதாக விழும்.

அவள் அந்தத் தீவுக்காரி.
அது என் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

டெரிக் போனைச் சுற்றுக்கு விட்டார்.
வெள்ளைச் சுவர், நீச்சல் குளம்,
கடலைப் பார்த்துச் சாய்ந்த மூன்று தென்னை.
ஆஹா என்றது அக்கவுண்ட்ஸ். ஆஹா என்றது ஸ்டோர்ஸ்.
தட்டெடுக்க வந்த சுந்தரியிடமும்
யாரோ விளையாட்டாக நீட்டினார்கள்.

ஈரக் கையை முந்தானைத் துணியில் துடைத்துக்கொண்டு
இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.
கடலைத் தாண்டினாள். குளத்தைத் தாண்டினாள்.
வீட்டின் பின்பக்கம் போய்
ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் நின்றாள்.

“இந்த ரோட்டுல தண்ணி லாரி ஏறாது” என்றாள்,
எங்களுக்கெல்லாம் பொதுவான அந்த உடைந்த இந்தியில்.
“ஏப்ரல்ல குழாயத் திறந்தா காத்துதான் வரும்.”

ஸ்டோர்ஸ் பையன் மொழிபெயர்த்தான்.
டெரிக் அவளை நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்பது வருடமாக அவருக்கு சூப் ஊற்றியவள்.
“நீ அங்கேயா?”

எனக்குத்தான் கோபம் வந்தது.
அவர் இங்கேயும் எக்ஸ்பாட், அங்கே போனாலும் எக்ஸ்பாட்.
நாங்கள் எங்கே போனாலும் லேபர்.
சொல்லேன், நாலு வார்த்தை சொல்லேன் என்று
கையில் கேக்கோடு காத்திருந்தேன்.

அவள் கேட்டாள்:
“தோட்டத்துக்கு ஆள் வச்சாச்சா?
தங்கச்சி பையன் இருக்கான்.
மோட்டார் பழுது பார்ப்பான். பாம்பு பிடிப்பான்.”
சம்பளம் பேசினார்கள், பாட்டில்.
என் கால்குலேட்டரை வாங்கி தினாராக்கிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்.
ஆயிரம் கூடியது.
பையனின் நம்பரை நாப்கினில் எழுதினாள்.
கடைசி இலக்கத்தில் க்ரீம் ஒட்டியிருந்தது.

நான் பாம்பன்காரன்.
தண்ணி லாரிக்குக் குடத்தோடு வரிசை நின்றவன்.
அந்தப் படத்தில்
நானும் கடலைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரவு வேனுக்கு நின்றோம்.
ஆகஸ்ட் புழுக்கம், சட்டை முதுகில் பசை போல.
எதிரே கோல்ட் ஸ்டோர் பையன் ஷட்டரை இறக்கினான்.
தலையை உரசுவது போல ஒரு விமானம் இறங்கியது.
முஹர்ரக்கில் அதற்கு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
பேச்சை மட்டும் அரை நிமிஷம் நிறுத்திக்கொள்வார்கள்.
நிறுத்தி, தொடர்ந்தேன்:
“உனக்குப் போகத் தோணலையா?”

“அங்க ரூம் வாடகை இதவிட ஜாஸ்தி” என்றாள்.
“வெளிநாட்டுக்காரங்க நெறைய வந்துட்டாங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே சிரிப்பு வந்தது.
வேன் வந்து கதவு திறந்து
பாகிஸ்தானி டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை சிரித்தாள்.
பிளாஸ்டிக் டப்பாவில் மிச்சக் கேக் கொண்டுவந்திருந்தாள்,
தென்னையின் அடிப்பக்கம் மட்டும்.

மறுநாள் காலை பதிவேட்டில்
டெரிக் சாருக்கு நேரே கோடு இழுத்தேன்.
2117, விழா முடிந்து பாத்திரம் கழுவியது
ஒன்றரை மணி நேரம்.
இரண்டு என்று எழுதினேன்.